ஒரு நொதியின் சரித்திரம்

மும்பையில் வாழும் நம்மவர்க்குப் பரேல் என்ற பெயர் இரண்டு காட்சிகளை மனக்கண்முன் கொண்டுவரும். ஒன்று, ஒரு காலத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த பஞ்சாலைகளின் நெடிய புகைபோக்கிகள். மற்றொன்று, 1941ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையும், அதன் சுற்றுப்புற நடைபாதைகளில் மூட்டை முடிச்சுகளோடு முறைக்காகக் காத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களும். அக்குடும்பங்களின் நடுவே தமிழ்ப் பேச்சும் காதில் விழுவதுண்டு. அம்மருத்துவமனைக்கு அருகிலேயே ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்னாளில் கவர்னர் மாளிகையாய் இருந்து, 1899இல் பிளேக் நோய் ஆராய்ச்சிக்கூடமாக மாறிய கட்டடம் அது. இம்மூன்றும் ஒரே பேட்டையில் அமைந்தது தற்செயலே. ஆயினும், பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களின் சோகை நோயில் தொடங்கி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலாகப் பயன்பட்ட மருந்து வரை, ஆராய்ச்சியின் பாதை ஒன்று இடையறாமல் செல்கிறது. அப்பாதையின் முடிவில் நிற்பது ஒரு நொதி. அதன் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகின்றோம்.

நொதி என்பது யாது? இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பொங்கி நிற்பதை, நாம் எந்த ஊருக்குக் குடிபோனாலும் காண்கிறோம். தில்லியில் வாழ்வோர் மார்கழிக் குளிரில் அது பொங்க மறுப்பதையும் காண்கின்றனர். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் நிகழ்த்தும் அம்மாற்றத்தை நொதித்தல் என்கிறோம். அதனை நடத்திவைக்கும் பொருள் நொதி. உலக வழக்கிலுள்ள என்ஸைம் என்ற பெயரும் இதே வழியில் பிறந்ததுதான். 1870களில் ஜெர்மானிய அறிஞர் கூனே, ‘ஈஸ்ட்டினுள் இருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அப்பெயரைப் படைத்தார். 1897இல் எடுவர்ட் புக்னர் என்பவர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லாத அச்சாற்றைக் கொண்டே சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக் காட்டினார். உயிர் இருந்தாலன்றி நொதித்தல் நிகழாது என்ற பழங்கொள்கை அத்துடன் வீழ்ந்தது. 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர், ஒருவகை அவரை விதையிலிருந்து நொதி ஒன்றைப் படிகமாகவே பிரித்தெடுத்து, அது புரதம் என்று நிறுவினார்.

நம் உடம்பில் நிகழும் இரசாயன மாற்றங்கள் ஏறக்குறைய யாவற்றையும் நொதிகளே நடத்துகின்றன. சோறு செரிப்பதும், மூச்சுக் காற்றின் பயன் தசைக்குக் கிட்டுவதும், காயம் ஆறுவதும் அவற்றின் வேலையே. சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் நொதி ஒன்றின் ஒரு மூலக்கூறு, ஒரு விநாடியில் பத்து லட்சம் முறை தன் தொழிலைச் செய்ய வல்லது. இத்தகைய வேலையாட்கள் ஆயிரக்கணக்கில் நம்முள் இருக்கும்போது, புற்றுநோய் வந்த அணுவிலும் ஏதோ ஒரு நொதி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணியது இயல்பே. 1920களில் ஓட்டோ வார்பர்க் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர், புற்றுக் கட்டியின் அணுக்கள் பிராணவாயு நிறைய இருந்தும் சர்க்கரையை முழுதும் எரிக்காமல் புளிக்கவைத்தே பெரும்பகுதியைச் செலவிடுகின்றன என்று கண்டார். மூச்சு நொதிகளின் சீர்கேடே புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று இறுதிவரை சாதித்தார். அவர் கண்ட காட்சி உண்மை. அதற்கு அவர் கூறிய காரணத்தை இன்றைய அறிவியல் பொதுவாக ஏற்பதில்லை. நாம் சொல்லவிருக்கும் நொதியோ கெட்டுப்போனதே அன்று. நல்ல அணுவில் உள்ள அதே நொதி, அதே தொழிலைப் புற்றணுவிலும் செய்கிறது. இச்சரித்திரத்தின் சுவையும் சிக்கலும் இதில்தான் இருக்கின்றன.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய் வந்து சேர்ந்தார். அந்நாளில் இந்நாட்டின் கர்ப்பிணிப் பெண்கள், அவர்களுள்ளும் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள், ஒருவகைக் கொடிய சோகைக்கு ஆளாகி மாண்டுகொண்டிருந்தனர். சாதாரணச் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். இதிலோ அவை எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்துக் காணப்பட்டன. கிருமியால் வந்ததா, உணவால் வந்ததா என்பது தெரியவில்லை. வில்ஸ் அம்மையார் நோயுற்ற பெண்கள் உண்ட உணவை ஆராய்ந்தார். அதில் பழமும் காய்கறியும் அரிதாயிருந்தன. அவ்வுணவையொத்த தீனியை எலிகளுக்கும் பின்னர்க் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவருடைய ஆராய்ச்சி பம்பாயோடு நின்றுவிடவில்லை. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது அதுவே. அங்கே பிறந்தவர்கள் இதைப் படிப்போருள் பலர் இருக்கக்கூடும்.

சோகையுற்ற குரங்கு ஒன்றுக்கு வேறு எதுவும் பலிக்காத நிலையில் அம்மையார் மார்மைட் என்னும் பண்டத்தைக் கொடுத்தார். பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் கரிய, உவர்ப்பான குழம்பு அது, ஆங்கிலேயர் ரொட்டியில் தடவி உண்பர், விலை மலிவு. குரங்கு தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினர். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் தோன்றின. 1931இல் இதை அவர் வெளியிட்டபோது, குணம் தந்த பொருள் இன்னதென்று யாருக்கும் தெரியாது. வேறொரு கடுஞ்சோகைக்குக் கைகண்ட மருந்தாயிருந்த, மிகத் தூய்மைப்படுத்திய ஈரல் சாறு இந்நோயைத் தீர்க்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு தீர்த்தது. ஆகவே இது அதனின் வேறான புதியதோர் உயிர்ச்சத்து என்று துணிந்தார். சில காலம் அது வில்ஸ் காரணி என்றே வழங்கியது. 1941இல் அமெரிக்க அறிஞர் மூவர், டன் கணக்கான பசலைக்கீரையைப் பிழிந்து ஒரு சிட்டிகை அளவு சத்தைத் திரட்டி, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நம் பாட்டிமார் பெயரறியாமல் மசித்துப் போட்ட சத்து அது.

சத்தைப் பெயரிடுவது ஒன்று. அதைச் சோதனைக்கூடத்தில் செய்து குவிப்பது வேறொன்று. அதைச் செய்த குழுவுக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பழைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில் காந்தியடிகளின் சொல்லுக்கிணங்கிக் கதர் உடுத்தினார். அது பேராசிரியர் ஒருவருக்கு உவப்பாயில்லை. முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதியே கிடைத்தது. அவருடைய தமையனாரை ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய் கொண்டுபோயிற்று. குடல் உணவின் சத்தை உறிஞ்ச முடியாமல் உடல் உருகும் நோய் அது. அந்நோயிலும் சிவப்பணுக்கள் பெருத்துச் சோகை காணும். அதற்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. அம்மருந்து கையில் வந்தபோது தமையனார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

1920களின் முற்பகுதியில் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். உயிரிரசாயன மாணவர்கள் அவருடைய பெயரை முதன்முதல் சந்திப்பது அம்முறையின் பெயரில்தான். தசைகளுக்கு ஆற்றல் தரும் பொருள்களைக் கண்டறிவதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இவ்வளவும் செய்தும் பள்ளியில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க்குக்கு அருகிலுள்ள லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் மருந்தும் அக்கூடத்திலிருந்தே வந்தது. 1948 ஆகஸ்ட் மாதத்தில், தம் 53ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். தாயகத்தை விட்டுப் புறப்பட்டவர் மீண்டு வரவேயில்லை. வெளியூரில் வாழ்வோராகிய நமக்கு அவர் வாழ்க்கையின் அப்பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். 1945 வாக்கில் நியூயார்க்கில் எலிகளின் கட்டிகள் சில, ஃபோலிக் அமில வகைச் சத்தைக் கொடுத்தபோது சுருங்கின என்ற செய்தி பரவியது. சத்து நோயைத் தீர்க்குமென்றால் மனிதருக்கும் கொடுத்துப் பார்க்கலாமே? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஸிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறி வல்லுநர் இருந்தார். நோயாளிகளை அவர்கள் இறந்தபின் ஆராய்வதே அவர் தொழில். லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவர். அவர்கள் எலும்பு மஜ்ஜையை நுண்பெருக்கியில் பார்ப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஃபோலிக் அமில வகைப் பொருளைப் பெற்ற குழந்தைகளின் மஜ்ஜையைப் பார்த்தபோது, நோய் தணிவதற்கு மாறாக விரைந்து பெருகியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. இன்று நோக்கினால், அந்த முடிவுக்கு அவர் கையிலிருந்த ஆதாரம் மெலிந்ததே என்போம். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த அடுத்த அடி பெரியது. சத்து நோயை வளர்க்குமானால், சத்தைத் தடுத்தால் நோய் பட்டினி கிடக்குமல்லவா?

தடுக்கும் பொருளும் சுப்பாராவின் கூடத்தில் தயாராயிருந்தது. ஃபோலிக் அமிலத்தைச் செய்யக் கற்றவர்கள், அதைப் போலவே தோற்றமளித்து வேலை செய்யாத போலிகளையும் செய்யக் கற்றிருந்தனர். ஃபோலிக் அமிலத்தின் ஓரிடத்தில் ஒரு சிறு அணுக்கூட்டத்தை மாற்றி வைத்தால் கிடைப்பது அமினாப்டெரின். 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். 1948 ஜூன் மாதத்தில் முடிவுகள் வெளிவந்தன. பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. தாற்காலிகத் தணிவு என்றே கட்டுரையின் தலைப்பிலும் அவர் எழுதினார். நோய் திரும்பவும் வந்தது. ஆயினும், படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தை எழுந்து நடந்தது, சில மாதங்களுக்கேனும், மருத்துவம் அதுவரை காணாத காட்சி. இரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு கைகண்ட வழி அன்று இல்லை. இருந்தும் சக மருத்துவர் பலர் இதை நம்ப மறுத்தனர். சாகப்போகும் குழந்தைகளை ஏன் வதைக்கிறாய் என்று கேட்டோரும் உண்டு. அமினாப்டெரினின் நஞ்சு கடுமையானது. வாய் புண்ணாகும், குடல் புண்ணாகும். கேள்வியை முழுதும் கொடுமையென்று தள்ளிவிட முடியாது.

போலி எந்த இடத்தில் தாக்குகிறது என்பது மேலும் பத்தாண்டுகளுக்குத் தெரியாமலே இருந்தது. 1958இல் அமெரிக்காவில் மேரி ஜேன் ஆஸ்பார்ன் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய ஆசிரியர் ஹென்னகென்ஸும் விடை கண்டனர். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்பது அந்த நொதியின் பெயர். பெயர் நீளம்; தொழில் எளிது. அணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளான டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய எழுத்துகளுள் ஒன்றை அச்சுக்கோப்பதற்கு ஒரு கரி அணு தேவை. அக்கரி அணுவைச் சுமந்து வந்து தருவது ஃபோலேட். சுமையை இறக்கியதும் ஃபோலேட் களைத்துப் பயனற்ற நிலைக்குப் போய்விடுகிறது. அதற்கு ஹைட்ரஜன் ஊட்டி, மீண்டும் சுமை தூக்கத் தகுதியாக்கி அனுப்புவதே இந்நொதியின் வேலை. போலி மருந்து வந்து நொதியின் பள்ளத்தில் அமர்ந்துகொள்கிறது. உண்மைப் பொருளைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இறுகப் பற்றிக்கொள்கிறது. களைத்த ஃபோலேட் வரிசையில் நின்றபடியே இருக்கிறது. எழுத்து கிடைப்பதில்லை, பிரதி எடுப்பது நிற்கிறது, அணு பிரிய முடியாமல் மடிகிறது.

இப்போது பஞ்சாலைப் பெண்களை நினைவுகூர்வோம். நம் எலும்பு மஜ்ஜை ஒரு விநாடிக்குச் சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்களைப் பெற்றுத் தருகிறது. அப்பெண்களின் மஜ்ஜையிலும் நொதி இருந்தது, குறையின்றி இருந்தது. ஆனால் உணவில் ஃபோலேட் இல்லாததால் அதற்கு வேலை இல்லை. அணுக்கள் வளர்ந்தன, பிரிய முடியவில்லை. ஆதலால்தான் உருவில் பெருத்தன. வறுமை அவர்கள் உடம்பில் செய்ததை ஃபார்பர் குழந்தைகளின் உடம்பில் வேண்டுமென்றே செய்தார். வறுமையில் நொதியின் கை வெறுங்கையாய் இருந்தது; மருந்தில் அதன் கை கட்டப்பட்டது. இரண்டிலும் விளைவு ஒன்று. புற்றணுவுக்கென்று தனியான நொதி இருந்திருந்தால், அதனை மட்டும் கட்டிப்போட்டு மற்றவற்றை விட்டுவிடலாம். அப்படி இல்லாததால் மஜ்ஜையும் குடலின் உட்தோலும் மயிர்க்காலும், அதாவது இடைவிடாமல் பெருகிவரும் நல்ல அணுக்கள் யாவும், சேர்ந்தே அடிபடுகின்றன. மருந்தால் முடி கொட்டும்போதும் வாய் புண்ணாகும்போதும் உறவினர் அஞ்சி, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிகிச்சையை நடுவில் நிறுத்தி ஊருக்கு அழைத்துச் செல்வதுண்டு. நொதியின் இந்தப் பொதுமையைச் சிறிது எடுத்துச் சொன்னால் அவ்வச்சம் ஓரளவு நீங்கும் என்பது நம் கருத்து.

அமினாப்டெரினின் இடத்தை அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் விரைவில் பிடித்துக்கொண்டது. 1956இல் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகிய இருவர், கர்ப்பத்தின் நச்சுக்கொடியில் தோன்றும் புற்றுநோயை அதனால் அடியோடு குணமாக்கினர். பரவிவிட்ட கட்டி ஒன்று மருந்தால் மட்டுமே தீர்ந்தது அதுவே முதல் முறை. ஆனால் லுகேமியா அவ்வளவு எளிதில் பணியவில்லை. புற்றணு நொதியையே பெருக்கிக்கொண்டது. 1978இல் ராபர்ட் ஷிம்கி முதலானோர், மருந்தை எதிர்த்து நிற்கும் அணுக்களில் இந்நொதிக்குரிய மரபுக்குறிப்பு பற்பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டினர். ஒரு கையைக் கட்டினால் நூறு கை முளைக்கிறது. ஆகவே பல மருந்துகளை ஒருசேரக் கொடுக்கும் முறை வந்தது.

அம்மருந்துகளுள் ஒன்று தானே ஒரு நொதி. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர், கினியாப்பன்றியின் இரத்தநீரைச் செலுத்திய எலிகளின் புற்றுக்கட்டிகள் கரைவதைக் கண்டார். அந்த இரத்தநீரில் அஸ்பரஜினேஸ் என்ற நொதி இருப்பதும், அதுவே கட்டியைக் கரைப்பதும் 1961இல் ப்ரூம் என்பவரால் தெளிவாயின. அஸ்பரஜீன் என்னும் அமினோ அமிலத்தை நம் நல்ல அணுக்கள் தாமே செய்துகொள்ளும். சிலவகை லுகேமியா அணுக்கள் போதிய அளவு செய்யமாட்டா. இரத்தத்திலிருந்து கடன் வாங்கும். நொதி இரத்தத்திலுள்ளதை அழித்துவிட்டால் கடன் கிடையாது. நல்ல அணுவுக்கும் புற்றணுவுக்கும் இடையே நொதி அளவில் கிடைத்த அரிய வேறுபாடு இது. இவையனைத்தும் சேர்ந்ததன் பயனாக, வசதி மிக்க மருத்துவமனைகளில் இவ்வகை லுகேமியா கண்ட குழந்தைகள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குமேல் இன்று பிழைத்து வளர்கின்றனர்.

மெத்தோட்ரெக்ஸேட் மற்றொரு வடிவில் நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. மூட்டுகள் வீங்கி விரல் மடங்காமல் துன்புறும் முடக்குவாதக்காரர்களுக்கு அதனைச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கின்றனர். வாரத்துக்கு ஒரே நாள்தான் உண்ண வேண்டும். மொழி புரியாத ஊரில், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் அதை நாள்தோறும் விழுங்கி, மஜ்ஜை வற்றி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. ஆகையால் மருத்துவர் சீட்டில் கிழமையின் பெயரையே எழுதித் தருவார். அதைத் தமிழில் ஒருமுறை எழுதி மாத்திரை டப்பியின்மேல் ஒட்டிவைப்பது நன்று. அதே சீட்டில், வாரத்தின் வேறொரு நாளுக்கென்று, இரண்டாவது மாத்திரை ஒன்றும் எழுதியிருக்கும். வாய்ப்புண் வராமல் காப்பதற்காகத் தருவது. அது ஃபோலிக் அமிலம்.